வாசலில் கட்ட ஒரு கிடாய்

உ

கொழிஞ்சாம்பாறை
20-1-1974

அன்புள்ள புஷ்பம்,

கல்யாண வேலையில் இருக்கும் வீட்டுக்கு ஓர் ஆட்டைப் பற்றிக் கடிதம் எழுதுகிறேன். முதலில் அதற்கு மன்னித்துக்கொள். எழுத உட்கார்ந்து, வேண்டாம் என்று எழுந்து, மறுபடியும் உட்கார்ந்திருக்கிறேன். தபால் பெட்டியில் போட்ட பிறகும் ஏன் போட்டோம் என்று நினைப்பேன். ஆனால் சித்தூர் காலேஜ் விடுதியில் அடுத்த கட்டிலில் படுத்திருந்த உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் இதைச் சொல்வேன்?

நான் பி.ஏ. பாஸானதற்கு வேலந்தாவளத்து மாமன் தீபாவளிக்கு ஒரு கிடாய்க்குட்டி கொடுத்தார். எங்கள் உறவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அறுத்து விருந்து வைக்கட்டும் என்றுதான் கொடுத்தார். நான் அறுக்க விடவில்லை. செம்பட்டை நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. காது தாடைக்குக் கீழே தொங்குகிறது. இப்போது என் தொடை உயரம் நிற்கிறது. இந்த மாதம் நாற்றம் ஆரம்பித்துவிட்டது. அதனால் ஒரு முடிவுக்கு வர வேண்டும். காயடித்துவிட்டால் நாற்றம் இருக்காது, கறிக்கு நன்றாகத் தேறும். அப்படியே விட்டால் பொலிகிடாய் ஆகும். ஊரில் எந்த ஆடு பருவத்துக்கு வந்து கத்தினாலும் எங்கள் வாசலுக்கு ஓட்டி வருவார்கள்.

அம்மா கூடவே கூடாது என்கிறாள். "கல்யாணமாகாத புள்ளைய ஊட்டுல வெச்சுக்கிட்டு வாசல்ல பொலிகிடாய் கட்டுனா, பொண்ணு பாக்க வர்றவன் மூக்கப் பொத்திக்கிட்டே திரும்பிப் போயிருவான். நாலு பேரு ஆட்ட ஓட்டிக்கிட்டு வந்து நிப்பாங்க. நீ போயிக் கயித்தப் புடிப்பியா?" என்கிறாள். அண்ணன் அர்த்தநாரி வழக்கம்போல "பாக்கலாம்" என்று துண்டை உதறிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுகிறார். அப்பா போன பிறகு வீட்டில் அவர் சொல்வதுதான் முடிவு.

அம்மாவிடமும் அண்ணனிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். ஊரில் இப்போது பொலிகிடாய் வைத்திருப்பவர் குப்பண்ணன் ஒருவர்தான். அவர் பட்டி கள்ளுக்கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. ஆம்பளைகள் காட்டுக்குப் போய்விடுவதால் ஆட்டை ஓட்டிப் போவது பெண்கள்தான். ஒரு படி கொள்ளு கொடுத்துவிட்டு, ஆடு சேரும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நேரத்தில்தான் குப்பண்ணன் பேசுவார். கள்ளுக்கடையில் இருப்பவர்கள் கேட்கிற மாதிரி பேசுவார். பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் புருஷன் இல்லாதவள், இரண்டு ஆடுகளை வைத்துப் பிழைக்கிறவள். "எங்க பாக்கறதுன்னு தெரியாம வேலாமரத்தப் பாத்துக்கிட்டு நிப்பேன் சாமி. அந்த மரத்துல எத்தன முள்ளுன்னு கேளு, சொல்றேன்" என்பாள்.

மார்கழியில் என் ஆடு வெள்ளச்சியை நான் ஓட்டிக்கொண்டு போனேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். குப்பண்ணன் சொன்னார்: "தலையக் குனியாதீங்க அம்மிணி. நல்லாப் பாத்துக்கோங்க. நாளைக்கு ஒதவும்."

எதிரே எல்லாரும் சிரித்தார்கள். படித்தது எதுவும் என் வாய்க்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். மார்கழிக் குளிரில் எதற்குக் குளிக்கிறாய் என்று அம்மா கேட்டாள். ஆட்டு நாற்றம் என்றேன்.

எங்கள் வாசலில் கிடாய் நின்றால் பெரியம்மாளும் மற்றவர்களும் என்னிடம் வருவார்கள். அங்கே போய் நிற்க வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அண்ணனுக்கு உன்மேல் மதிப்பு உண்டு. எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று ஊரெல்லாம் சொல்வார். நீ அவருக்கு ஒரு கடிதம் எழுது. கிடாய் வைத்திருப்பதில் கேவலம் இல்லை என்று மட்டும் எழுது. குப்பண்ணன் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் எழுதிவிடாதே. அது அண்ணன் காதில் விழுந்தது என்று தெரிந்தால் என்னால் அவர் முன்னால் சோறு போட்டுக்கொண்டு நிற்க முடியாது.

கல்யாணப் பெண் சிசிலியக்காவுக்கும் உன் அம்மாவுக்கும் என் அன்பு.

சுப்பாத்தாள்

*

சேசு மரி சூசை

பீர்மேடு
6-2-1974

ஏட்டி சுப்பு,

ஒரு ஆட்டுக்காக மன்னிப்புக் கேட்கிற பி.ஏ. இந்தக் கேரளத்திலேயே நீ ஒருத்திதான் இருப்பாய். உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோபிக்காதே, அந்த வார்த்தை வந்த இடத்தைத் தாண்டித்தான் வாசித்தேன். ஆனால் என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. "அந்தக் குப்பண்ணன ஒரு நா மலைக்கு ஏறி வரச் சொல்லு. தேயிலக் கவாத்துக் கத்தி எதுக்கு இருக்குன்னு காட்டுதேன்" என்கிறாள். அம்மா செபமாலையம்மாள் அதைச் செய்யக்கூடியவள்தான், உனக்குத் தெரியும்.

உன் அண்ணாச்சிக்கு எழுதிப் போட்டுவிட்டேன். மனசில் தைக்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். எப்படி எழுதினாய் என்று மட்டும் கேட்காதே. எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் கிடாய் வைத்திருப்பதே ஒரு பொம்பளைதான், அவளை இதுவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை என்றும் எழுதினேன். அது பாதி நிஜம். அவளை யாராலும் ஒரு சொல் சொல்ல முடியாது, அவ்வளவு வாய் அவளுக்கு.

சிசிலியக்கா கல்யாணம் ஈஸ்டர் முடிந்து அடுத்த வாரம், ஏப்ரல் 22 திங்கட்கிழமை. மாப்பிள்ளை குமுளியில் ஏலக்காய்க் கடையில் நிற்கிறார். அவர் வந்து போனால் வீடே மணக்கிறது. இங்கே மூன்று அறைக்கு ஒரு குழாய். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் எங்கே உட்காரவைப்பது என்று அக்கா இப்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். நீ பேசாமல் இருப்பதே அவளுக்கு ஆறுதல்.

எங்கள் ஆடும் சினையாக இருக்கிறது. கல்யாணத்துக்குள் குட்டி போட்டுவிடும் என்று அம்மா சொல்கிறாள். நீ பிடித்துக் கொஞ்சலாம்.

உன்
புஷ்பமேரி

*

உ

கொழிஞ்சாம்பாறை
17-3-1974

அன்புள்ள புஷ்பம்,

நீ என்ன எழுதினாய் என்று கேட்க மாட்டேன். ஆனால் நீ எழுதியது நடந்துவிட்டது.

அண்ணன் உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாப்பிட உட்கார்ந்தார். மோர் ஊற்றப் போனேன், கையால் மறைத்து வேண்டாம் என்றார். கை கழுவிவிட்டு வந்து, என்னைப் பார்க்காமல், "கிடாய் இருக்கட்டும் அம்மிணி. இனி நீ குப்பண்ணன் ஊட்டுப் பக்கம் போவ வேண்டாம்" என்றார். அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "இருக்கட்டும்னு சொல்லிட்டேன் இல்ல" என்றார்.

நான் குப்பண்ணன் பேரையே எடுத்ததில்லை. ஊரில் வேறு கிடாய் இல்லையே, அதனால்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ற வாரம் பெரியம்மாள் தன் ஆட்டை ஓட்டி வந்தாள். கூடவே இன்னும் இரண்டு பெண்கள் சும்மா பார்க்க வந்தார்கள். கிடாய்க்கு ஒன்றும் புரியவில்லை. ஆட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, மோந்து, உதட்டைச் சுருட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றது. "மாப்பிள்ளைக்கு வெக்கமாட்ட இருக்குது, எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள் பெரியம்மாள். எல்லாரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. குப்பண்ணன் பட்டியிலும் இப்படித்தான் பேசிச் சிரித்தார்கள். இங்கே சிரிக்கும்போது யாரும் வேலாமரத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பெரியம்மாள் ஒரு படி கொள்ளு கொண்டு வந்திருந்தாள். அதை நானே கிடாய்க்கு வைத்தேன்.

நாற்றம் அதிகமாகிவிட்டது. தன் தாடியில் தானே மூத்திரம் பெய்துகொள்கிறது. அம்மா சோளத்தட்டுப் போரைத் தாண்டி வருவதில்லை. கிணற்றடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் என் கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று இருந்தேன். அண்ணன்தான், "ஒரு வாரம் முன்னாடியே போயிக்க. நானே பொள்ளாச்சி வந்து பஸ் ஏத்தி உடறேன். கிடாய நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் இப்படிச் சொல்வது புதிது. உன் கடிதத்துக்கு இன்னும் வலு இருக்கிறது போல.

சுப்பாத்தாள்

*

சேசு மரி சூசை

பீர்மேடு
5-5-1974

அன்பு சுப்பு,

போய்ச் சேர்ந்ததாக ஒரு கார்டு போடுவாய் என்று தினமும் தபாலைப் பார்க்கிறேன். போடவில்லை.

சிசிலியக்கா மறுவீடு வந்து போனாள். உன்னைத்தான் கேட்டாள். கல்யாணச் சேலையோடு நீங்கள் இரண்டு பேரும் புதுக் குட்டியைத் தூக்கியதும், அது சேலையிலேயே பெய்ததும், மாப்பிள்ளை வீட்டார் பார்க்காமல் இருக்க நீ உன் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு கோயில்வரை நடந்ததும் அவள் வாயில் தினமும் வருகிறது. உன் மடியில் தூங்கினதே அந்தக் கருப்புக் கிடாய்க்குட்டி, அது இப்போது லயத்துப் படியெல்லாம் தாவுகிறது.

நீ கூடுதலாக மூன்று நாள் இருந்தது எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். அந்த நேரம் பார்த்துப் பணிமுடக்கு வந்து பஸ் ஓடாமல் போனதும் ஒரு விதத்தில் நல்லதுதான். நீ வீட்டை நினைத்துக்கொண்டே இருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் எல்லாரும் சுகமா? அண்ணாச்சி சுகமா? நீ ஏதாவது கோபமாக இருந்தால் அதை எழுது. ஒன்றும் எழுதாமல் மட்டும் இருக்காதே.

புஷ்பம்

*

கொழிஞ்சாம்பாறை
19-5-1974

புஷ்பமேரிக்கு,

நீ எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

குமுளியில் என்னைக் கம்பம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாகப் பிளாஸ்கில் டீ கொடுத்துவிட்டுப் போனாய். பஸ் புறப்பட்ட பிறகு கண்டக்டரிடம், "பணிமுடக்கு முடிந்துவிட்டதா?" என்று கேட்டேன். அவர், "எந்தப் பணிமுடக்கும்மா? நேத்தும் வந்தேன், முந்தாநேத்தும் வந்தேன்" என்றார்.

அப்போது நான் என்ன நினைத்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். நீ என்னை அனுப்ப மனமில்லாமல் பொய் சொல்லியிருக்கிறாய் என்று நினைத்தேன். என்னை இருக்க வைப்பதற்காக இதுவரை யாரும் ஒரு பொய் சொன்னதில்லை. தேனி, திண்டுக்கல், பழனி என்று வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என்ன கண்ணு தானாகச் சிரிக்கிறாய் என்று கேட்டாள். அவளுக்கு உன் டீயில் பாதி கொடுத்தேன்.

வீட்டில் இறங்கியதும் பட்டிக்குத்தான் போனேன். கிடாய் பின்னங்கால் இரண்டையும் அகட்டி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றது. கூப்பிட்டால் காதை மட்டும் அசைத்தது, திரும்பவில்லை. விதை இரண்டும் வீங்கித் தொங்கின. வளர்ந்த கிடாய் என்பதால் நாலு பேர் பிடித்தார்களாம். கிட்டி போட்டு நசுக்குகிறவன் காலையிலேயே கள்ளு குடித்துவிட்டு வந்தானாம். கத்தல் மேற்கே பனந்தோப்புவரை கேட்டதாம். நான் சிசிலியக்காவுக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்த நாள் அது.

அண்ணன், "நல்லதுக்குத்தான் அம்மிணி. எருத்தேம்பதியிலிருந்து மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வர்றாங்க" என்றார். "உன்ற கல்யாண விருந்துக்கு ஆவும்" என்று அம்மா சொன்னாள்.

இதுவரை அண்ணன்மேல்தான் கோபம். மறுநாள் பெரியம்மாள் வந்து பட்டியோரம் உட்கார்ந்தாள். அவள் ஆடு சினை பிடிக்கவில்லை. திரும்பவும் கத்துகிறது. அதைச் சொல்லிவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று புல்லைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். நான் இல்லாதபோது அண்ணன் கள்ளுக்கடை முன்னால் குப்பண்ணன் சட்டையைப் பிடித்திருக்கிறார். "என்ற பொறந்தவளப் பாத்து, தலையக் குனியாதே, நல்லாப் பாத்துக்கோ, நாளைக்கு ஒதவும்னு சொன்னியாமாடா?" என்று கத்தியிருக்கிறார். குப்பண்ணன், "ஆட்டப் பாத்துச் சொன்னேனுங்க மச்சான், அது உங்க ஊட்டு ஆடுதான?" என்றாராம். கூட்டம் சிரித்ததாம்.

முன்பு அந்த வார்த்தையைக் கேட்டது அன்று கள்ளுக்கடையில் இருந்த ஏழெட்டுப் பேர்தான். அவர்கள்கூட மறந்திருப்பார்கள். இப்போது ஊர் முழுக்கத் தெரியும். கடையில் தீப்பெட்டி வாங்கினால்கூட "ரெண்டா வாங்கிக்கோ, நாளைக்கு ஒதவும்" என்கிறார்கள். நான் தெருவில் வந்தால் பேச்சு நிற்கிறது.

அந்த வார்த்தையை நான் ஒரே ஒருவருக்குத்தான் எழுதினேன். எழுதாதே என்று சொல்லி எழுதினேன்.

பொய் சொல்லி என்னை அங்கே வைத்திருந்தது யாருக்காக என்றும் இப்போது தெரிகிறது. நீ கொடுத்த டீ நன்றாக இருந்தது. அதை நினைத்தால்தான் அதிகம் வலிக்கிறது.

சுப்பாத்தாள்

*

பீர்மேடு
30-5-1974

சுப்பு,

மேலே எப்போதும் எழுதுகிற மூன்று பெயரை இன்று எழுதக் கை வரவில்லை.

எல்லாம் நிஜம். அந்த வார்த்தையை எழுதியது நான்தான். வெறும் நியாயத்தை எழுதினால் ஆம்பளைகள் மண்டையில் ஏறாது, கோபம் வந்தால்தான் ஏதாவது செய்வார்கள் என்று நினைத்தேன். குப்பண்ணன்மேல் கோபம் வந்தால் உன் கிடாயை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று கணக்குப் போட்டேன். முதலில் அப்படித்தானே நடந்தது? நீயே சந்தோஷமாக எழுதினாயே.

அதன் பிறகு ஏப்ரல் முதலில் அண்ணாச்சியிடமிருந்து கடிதம் வந்தது. "அன்புத் தங்கை புஷ்பமேரிக்கு" என்று ஆரம்பித்திருந்தார். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது என்று உனக்குத் தெரியும். தங்கை என்று எனக்கு யாரும் எழுதினதில்லை. எருத்தேம்பதியிலிருந்து நல்ல இடம் வருகிறது, கிடாய் வாசலில் நின்றால் காரியம் கெடும், சுப்பு இருந்தால் குறுக்கே நின்று அழும், அதனால் வேலை முடிகிறவரை உன்னிடம் வைத்துக்கொள் என்று எழுதியிருந்தார். முடிந்ததும் தந்தி கொடுக்கிறேன் என்றும் எழுதினார். தந்தி வரத் தாமதமாயிற்று. அதனால்தான் பணிமுடக்கு.

நான் உன் நல்லதுக்கு என்றுதான் நம்பினேன். அக்கா கோயிலில் பீடத்தின் முன் நின்றதைப் பார்த்தபோது அடுத்து நீ என்று நினைத்தேன். ஒரு ஆட்டை வைத்துக்கொண்டு நீ அந்த வீட்டிலேயே நின்றுபோய்விடக் கூடாது என்று நினைத்தேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அந்தப் புள்ள ஒங்கிட்ட கேட்டது கிடாய. நீ குடுத்தது மாப்பிள்ளைய. அவ கேட்டாளாடி ஒங்கிட்ட?" என்றாள். அதன் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆனால் நானும் ஒன்று கேட்பேன், நீ கோபித்தாலும் சரி. உன் அண்ணனிடம் நீயே ஏன் சொல்லவில்லை? ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். சோறு போடுகிறாய். நூறு மைலுக்கு அப்பால் இருக்கிற என்னைச் சொல்ல வைத்தாய். பாதியைச் சொல், பாதியை மறை என்றாய். பாதியைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அது என் குற்றம்தான், ஆனால் என் குற்றம் மட்டும்தானா?

இதற்கு நீ பதில் எழுதாவிட்டாலும் எனக்குக் கேட்க முகமில்லை.

புஷ்பமேரி

*

உ

கொழிஞ்சாம்பாறை
23-6-1974

புஷ்பம்,

இனி உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதுவதற்கு மன்னித்துக்கொள் என்று இந்தத் தடவை சொல்ல மாட்டேன்.

நீ கேட்டது சரிதான். நானே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒன்று. எனக்குப் பேச வராது என்று தெரிந்த ஒரே ஆள் நீ. வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டால் நான் எழுந்து நிற்பதற்குள் "பிரசன்ட் சார்" என்று எனக்காகச் சொன்னவள் நீ. அதனால்தான் உன்னிடம் கொடுத்தேன். என் வாய் உன்னிடம் இருந்தது. அதைத்தான் நீ அண்ணனுக்குக் கொடுத்துவிட்டாய்.

எருத்தேம்பதிக்காரர்கள் போன ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அம்மா வாசலைச் சாணி போட்டு இரண்டு தடவை மெழுகி, பட்டிக்கு முன்னால் ஓலைத் தட்டி வைத்து மறைத்திருந்தாள். சாம்பிராணி வேறு. மாப்பிள்ளையைச் சரியாகப் பார்க்கவில்லை. அவருடைய அம்மாவைப் பார்த்தேன். காலில் வெடிப்பு, விரல் இடுக்கில் ஆட்டுப் புழுக்கை மண். காபியை வாங்கி வைத்துவிட்டு அந்த அம்மா அண்ணனைக் கேட்டார்: "ஏனுங்க, உங்க ஊட்டுல நல்ல சாதிக் கிடாய் நிக்குதுன்னு சொன்னாங்களே, எங்கீங்க? எங்கூர்லயும் கிடாய் இல்லீங்க. ரெண்டு ஆடு பருவம் தப்பிப் போச்சு. பொண்ணப் பாத்த மாதிரியும் ஆச்சு, அதையும் கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அம்மா காபி ஆறுது என்றாள். நான் உள்ளே நின்றுகொண்டு கேட்டேன். சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஓலைத் தட்டிக்குப் பின்னால் அது சோளத்தட்டைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நாற்றம் இப்போது சுத்தமாகப் போய்விட்டது. அம்மா கிட்டே போய்க் கழுநீர் வைக்கிறாள், தடவியும் கொடுக்கிறாள். அது அவளிடம்தான் போகிறது. என்னிடம் வருவதில்லை.

வந்தவர்கள் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் என்ன சொன்னாலும் சரி, என்னை யாரும் இன்னும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பெரியம்மாளின் ஆடு மறுபடியும் கத்தியது. அவளுக்குக் கால் வீக்கம், நடக்க முடியவில்லை. நானே குப்பண்ணன் பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கள்ளுக்கடையில் நல்ல கூட்டம். குப்பண்ணன், "வாங்க அம்மிணி. ஊட்டுல ஒரு கிடாய் இருந்துச்சே, என்னாச்சு? அதுக்கும் பி.ஏ. பட்டம் குடுத்து உக்கார வெச்சுட்டீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் தலையைக் குனியவில்லை. தைரியம் என்று நினைக்காதே. குனிந்து மறைக்க இனி ஒன்றும் இல்லை, அதுதான் காரணம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேல்வாயில் ஒரு பல் இல்லை. இத்தனை நாள் எனக்கு அது தெரியாது. ஆடு சேர்ந்த பிறகு, "கொள்ளப் புடிங்க" என்று படியை நீட்டினேன். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு வாங்கினார்.

வீட்டுக்கு வந்து அண்ணனுக்குச் சோறு போட்டேன். அவர் பிசைந்து முதல் வாய் வைக்கும்போது சொன்னேன்: "கிடாய் எனக்கு மாமன் குடுத்தது. என்னைக் கேக்காம பண்ணுனீங்க. நான் இன்னொரு கிடாய் கொண்டாந்து இதே வாசல்ல கட்டுவேன்."

"ஊரு சிரிக்கும் அம்மிணி."

"இப்பவே சிரிச்சாச்சுங்க. நீங்கதான் கள்ளுக்கடை முன்னால நின்னு சொல்லிக் குடுத்தீங்க."

அவர் கையைச் சோற்றிலிருந்து எடுக்கவில்லை. பிசைந்ததையே மறுபடி பிசைந்துவிட்டு, "மோர் ஊத்து" என்றார். ஊற்றினேன். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவர் உள்ளுக்குள் நொந்துதான் போயிருக்கிறார், எனக்குத் தெரிகிறது. அதற்காக நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

உன்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. சிசிலியக்காவுக்குக் குழந்தை பிறந்தால் எழுது, சந்தோஷப்படுவேன். உன் அம்மா சொன்னதைப் படித்தபோது மட்டும் அழுதேன். அவரிடம் சொல்.

கடைசியாக ஒன்று. முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும், இதுவரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் மடியில் தூங்கிய கருப்புக் குட்டியை விற்காதே. யாரிடமும் காயடிக்கக் கொடுக்காதே. ஆடி முடிவதற்குள் அது பால் மறந்துவிடும். மறந்ததும் அதை நீயே கொண்டு வா. ஆளிடம் கொடுத்து அனுப்ப வேண்டாம், நீ வர வேண்டும். பஸ்ஸில் கத்தும், மூத்திரம் பெய்யும், ஆட்கள் திட்டுவார்கள். பொள்ளாச்சி வரை நான் வருகிறேன். அங்கிருந்து இரண்டு பேரும் சேர்ந்து வருவோம். ஆனால் ஊருக்குள் இறங்கியதும் கயிற்றை நீ பிடித்துக்கொள். கள்ளுக்கடை வழியாகத்தான் நடக்க வேண்டும். யாராவது எதற்கு என்று கேட்டால் எதற்கு என்று நீயே வாயைத் திறந்து சொல். அண்ணன் வாசலில் இருப்பார். தங்கை என்று கூப்பிடுவார். கயிற்றை அவர் கையில் கொடுத்துவிடாதே. என் கையில் கொடு.

கம்பத்துக்குப் போய் வந்த ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் விசாரித்துவிட்டேன். குமுளியிலிருந்து தினமும் பஸ் ஓடுகிறது.

சுப்பாத்தாள்